நாயின் கண்ணும் வைத்தியச் செலவும்

வீட்டு நாய்க்குக் கண் நோய் கண்டிருக்கிறது என்று சொன்னால் கேட்பவர்கள் "ஐயோ பாவம்" என்பார்கள், வைத்தியத்துக்கு ஆகும் தொகையையும் சேர்த்துச் சொன்னாலோ, அதே மனிதர்கள் "நாய்க்கா இவ்வளவு?" என்று மூக்கின்மேல் விரலை வைப்பார்கள். இந்த இரண்டு வார்த்தைகளுக்கும் நடுவே அகப்பட்டு, இரக்கத்தை ஒரு தட்டிலும் மாதச் சம்பளத்தை மற்றொரு தட்டிலும் வைத்து மாற்றி மாற்றி நிறுத்துக்கொண்டு, எந்தப் பக்கம் சாய்ந்தாலும் மனம் ஒப்பாமல் தவிக்கும் குடும்பஸ்தர்கள் இன்று நம் நகரங்களில் தெருவுக்கு ஒருவராவது இருப்பார்கள். அவர்களுடைய சங்கடத்தைப் பணக்காரச் செல்லம் என்று பரிகசிப்பதும், ஜீவகாருண்யம் என்று புகழ்ந்து கைகழுவுவதும் ஒன்றுபோலவே பிரயோஜனமற்றவை. நோய் இன்னது, அதில் வலி எவ்வளவு, பார்வை மீளக்கூடியதா, பணம் எந்த இடத்தில் கரைகிறது என்று விஷயத்தைப் பிரித்துப் பார்த்தால், முடிவு செய்வது எளிதாகிவிடாது என்றாலும், செய்த முடிவு பிற்பாடு நெஞ்சை உறுத்தாது.

நாயை மதிப்பது நமக்குப் புதிய நாகரிகம் அன்று. திருவண்ணாமலைப் பிரதேசத்து எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்றில், எருமை மந்தைக்காக மாண்ட வீரனோடு, கள்ளர் இருவரைக் கடித்து நின்ற கோவிவன் என்ற நாயும் பெயர் பொறித்துச் சிற்பமாக வடிக்கப்பட்டிருக்கிறது. அந்த நாய் தன் உழைப்பால் கல்லைச் சம்பாதித்தது. இன்று அடுக்குமாடி வீட்டுச் சோபாவில் படுத்திருக்கும் நாய் எந்த மந்தையையும் காக்கவில்லை. ஆயினும், வெளியே திரிந்து பிழைக்கும் சுதந்திரத்தை அதனிடமிருந்து வாங்கிக்கொண்டவர்கள் நாம் என்ற காரணத்தால், அதன் உடம்புக்கு வரும் உபத்திரவத்துக்குப் பொறுப்பும் நம்முடையதாகிறது. அந்தப் பொறுப்பின் எல்லை எதுவரை என்பதுதான் கேள்வி.

நாய்க்குக் கண் என்ன வேலை செய்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்வது நலம். ஏனெனில் இந்த விஷயத்தில் நாம் செய்யும் பெரும் பிழை, நம்முடைய கண்ணை அதன் முகத்தில் வைத்துப் பார்ப்பதே. மனிதன் உலகத்தைக் கண்ணால் அறிகிறான். நாய் மூக்கால் அறிந்து, காதால் உறுதி செய்துகொண்டு, கண்ணை மூன்றாம் சாட்சியாகவே கூப்பிடுகிறது. அதன் விழித்திரையில் நிறம் அறியும் செல்கள் இரண்டே வகை. நீலமும் மஞ்சளும் தெரியும், சிவப்புக்கும் பச்சைக்கும் பேதம் தெரியாது. நுட்பமானவற்றைக் காண்பதில் அது நம்மைவிட மங்கல். மங்கிய ஒளியிலும், அசைவைக் கண்டுகொள்வதிலும் நம்மை வெல்லும். ஆகவே பார்வையை இழந்த நாய், பார்வையை இழந்த மனிதனைப்போல் அவ்வளவு பெரிய பங்கை இழந்துவிடுவதில்லை. வலியோ வேறு விஷயம். கருவிழியின் மேற்பரப்பு, உடம்பிலேயே நரம்பு முனைகள் மிக நெருங்கியிருக்கும் இடங்களுள் ஒன்று. அங்கே ஏற்படும் புண் நாய்க்கும் நமக்கும் ஒரே நோவுதான். இந்தக் கட்டுரை முழுவதற்கும் என் அபிப்பிராயம் இதுவே: நாயின் கண் விஷயத்தில் வலியைத் தீர்ப்பது கடமை, பார்வையை மீட்பது, கையில் இருப்பதற்கேற்பச் செய்யும் உபகாரம். இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு சிலர் கடனாளி ஆகிறார்கள். வேறு சிலர், பார்வைக்குச் செலவிட இயலாது என்ற ஏக்கத்தில் வலியையும் கவனியாது விட்டுவிடுகிறார்கள்.

நாய் வலியை வாய்விட்டுச் சொல்வதில்லை. ஒரு கண்ணை இடுக்கும். முன்னங்காலால் முகத்தைத் தேய்க்கும். வெளிச்சத்தை விட்டுக் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுக்கும். 'தூசி விழுந்திருக்கும்' என்று நாம் தள்ளிப்போடுகிற இரண்டு மூன்று நாட்களே பெரும்பாலும் செலவைப் பன்மடங்காக்கும் நாட்கள். எங்கள் வீட்டில் ஜிம்மி என்றொரு பொமரேனியன் இருந்தது. ஒருநாள் அதன் வலக்கண் சிவந்து பீளை தள்ளியபோது, முன்பு எனக்குக் கண் நோய் வந்த காலத்தில் வாங்கி மிச்சம் வைத்திருந்த சொட்டு மருந்தை, மருத்துவர் கட்டணம் மிச்சம் என்ற பெருமிதத்தோடு நானே மூன்று நாள் விட்டேன். சிவப்பு குறைந்தது, என்னை நானே மெச்சிக்கொண்டேன். நான்காம் நாள் கண் நீலம் பாய்ந்து கலங்கிப்போயிற்று. மருத்துவர், சாயம் தோய்ந்த ஆரஞ்சு நிறத் தாள்முனை ஒன்றைக் கண்ணில் தொட்டு, நீல விளக்கைக் காட்டியபோது, கருவிழியின் நடுவே புண் பச்சையாக ஒளிவிட்டது. நான் விட்ட மருந்தில் ஸ்டீராய்டு கலந்திருந்தது. சிவப்பை அடக்கிக் கண்ணுக்கு நலம்போலக் காட்டிவிட்டு, உள்ளே புண் ஆறுவதைத் தடுத்து, கருவிழியையே உருக்கிவிடவும் வல்லது அது. கருவிழியில் புண் உண்டா இல்லையா என்று சாயமிட்டுப் பாராமல் அதை விடலாகாது என்பது மிருக வைத்தியம் படிக்கும் மாணவனுக்கும் தெரியும். வாரக்கணக்கில் இரவும் பகலும் மருந்து விட்டுக் கண் தப்பியது. நடுவே பூ விழுந்து நின்றுவிட்டது. அந்த மாதச் செலவை நான் கணக்கெழுதி வைக்கவில்லை. எழுதிப் பார்க்க வெட்கமாக இருந்தது.

அடிக்கடி வந்தும் அடிக்கடி தவறவிடப்படும் நோய் உலர்கண். கண்ணீர்ச் சுரப்பியை உடம்பின் தற்காப்புச் சக்தியே பகையென்று எண்ணி அழித்துவிடுவதால், கண்ணீர் வற்றி, அது இருந்த இடத்தில் கெட்டியான பீளை ஒட்டிக்கொள்ளும். கிருமியென்று கருதி ஆன்டிபயாட்டிக் சொட்டுகளை மாற்றி மாற்றி விடுவார்கள். விடும்வரையில் தேறியதுபோல் இருக்கும், நிறுத்தினால் திரும்பும். இப்படியே மாதங்கள் கழிந்தபின் கருவிழி கறுத்துத் தோல்போல் ஆகிவிடும். இதைக் கண்டுபிடிக்கும் கருவியோ, ஷிர்மர் சோதனைத் தாள் எனப்படும் அளவுகோடிட்ட காகிதத் துண்டு. அதன் நுனியைக் கீழிமைக்குள் ஒரு நிமிஷம் செருகி வைத்தால் 15 மில்லிமீட்டருக்குக் குறையாமல் நனைய வேண்டும். 10-க்குக் கீழானால் நோய் என்று சந்தேகிக்கவேண்டும். 5-க்குக் கீழானால் முற்றிவிட்டது.

இந்நோய்க்கான மருந்தின் சரித்திரம் ரசமானது. நார்வே தேசத்து மண்ணில் கிடைத்த ஒரு பூஞ்சையிலிருந்து சுவிட்சர்லாந்தின் சாண்டோஸ் கம்பெனியார் எடுத்த சைக்ளோஸ்போரின், மாற்றிப் பொருத்திய சிறுநீரகத்தை உடம்பு தள்ளிவிடாமல் காப்பதால் உலகப் புகழ் பெற்றது. அதையே நாயின் கண்ணில் விட்டால் வற்றிய கண்ணீர் மறுபடி ஊறுகிறது என்பதை, அமெரிக்காவில் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் மிருக நேத்திர வைத்தியராக இருந்த ரெனீ காஸ்வான் 1980-களில் கண்டார். நாய்களுக்கான களிம்பு அந்நாட்டில் 1995-இல் அனுமதி பெற்றது. மனிதரின் உலர்கண்ணுக்கு அதே மருந்து சொட்டாக அனுமதி பெற்றது 2002-இல். நாய்க்கா இவ்வளவு என்று கேட்பவர்கள், நாயின் கண்ணில் தேறிய பிறகே தங்கள் கண்ணுக்கு வந்த மருந்து அது என்பதையும் எண்ணிக்கொள்ளலாம். இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. மனிதருக்கு விற்கும் சொட்டு பெரும்பாலும் 0.05 அல்லது 0.1 சதவீதம், நாய்க்கான களிம்பு 0.2 சதவீதம், நோய் கடுமையானால் 1 அல்லது 2 சதவீதமும் வேண்டியிருக்கும். பெயர் ஒன்றாயிருக்கிறதே என்று பலம் குறைந்ததை வாங்கி விட்டால் பணமும் போகும், கண்ணும் போகும். பெரும்பாலும் ஆயுள் பரியந்தம் விடவேண்டிய மருந்து இது. நாளுக்கு இரண்டு வேளையென்றால் ஆண்டுக்கு 730 வேளை. இரு கண்ணுக்கும் 1,460. ஆதலால் இந்நோயின் செலவை மருத்துவருக்குக் கொடுக்கும் தொகையில் பாராமல், மளிகைச் செலவைப்போல் மாதக் கணக்கில் வைத்துப் பார்ப்பதே முறை.

மூன்றாம் இமையின் சுரப்பி, கண் ஓரத்தில் சிவந்த கோவைப்பழம்போல் வெளியே தள்ளும் நோயைப்பற்றி ஒரு வார்த்தை. அதை வெட்டியெறிவது முற்காலத்து வழக்கம். விரைவாகவும் மலிவாகவும் முடியும். கண்ணீரில் கணிசமான பங்கைச் சுரப்பது அதுவே என்பதால், வெட்டப்பட்ட நாய்களுள் பல, சில ஆண்டுகளில் உலர்கண்ணுக்கு ஆளாயின. உள்ளே தள்ளித் தைத்துவிடுவதே இன்றைய முறை. வெட்டுவதற்குச் செலவு குறைவு என்று யாரேனும் சொன்னால், அந்த 730 வேளையையும் கூட்டிச் சொல்லும்படி கேட்கவேண்டும்.

இவையெல்லாம் சில நாள் அவகாசமாவது தருபவை; கண்ணழுத்த நோயாகிய கிளாக்கோமா தருவதில்லை. நாயின் கண்ணுள் அழுத்தம் இயல்பாக ஏறக்குறைய 10 முதல் 25 மில்லிமீட்டர் பாதரச அளவு இருக்கும். உள்நீர் வடியும் வழி அடைபட்டு அது திடீரென்று 40, 50 என்று ஏறினால், பார்வை நரம்பு இரண்டொரு நாளில் செத்துவிடும். இரவில் கண் சிவந்து, பாவை விரிந்து, கருவிழியில் நீலம் பூத்த நாயை வைத்துக்கொண்டு 'காலையில் பார்க்கலாம்' என்பது கண்ணை விற்கிற பேச்சு. டிமோலால், டோர்சோலமைடு, லடானோபிராஸ்ட் என்ற சொட்டுகள் மனிதருக்கும் எழுதப்படுபவையாதலால் சாதாரண மருந்துக் கடையிலேயே கிடைக்கும். கம்பெனிப் பெயரை விட்டு மூலப்பெயரால் எழுதித் தரும்படி மருத்துவரைக் கேட்டால் விலையும் இறங்கும். ஆனால் மனிதனிடத்தில் பல ஆண்டுகள் நோயைப் பிடித்து நிறுத்தும் இம்மருந்துகள் நாயினிடத்தில் அவ்வளவு காலம் தாங்குவதில்லை. பார்வை முழுதும் போய், அழுத்தம் மட்டும் நின்றுவிட்ட கண், நாள் முழுவதும் தலைவலியைச் சுமக்கும் கண். அந்தக் கண்ணை எடுத்துவிடுவதே நல்ல வைத்தியம். முகம் விகாரமாகிவிடுமே என்று வீட்டார் கலங்குவார்கள். நாயோ நிலைக்கண்ணாடி பார்ப்பதில்லை. தையல் ஆறியபின், கிழடு தட்டிவிட்டது என்று நாம் நினைத்திருந்த நாய் மறுபடி செருப்பைக் கவ்விக்கொண்டு ஓடும்போதுதான், அது எத்தனை மாதம் நோவைச் சகித்துக்கொண்டிருந்தது என்பது புலப்படும். செத்த கண்ணுக்கு ஆயுள் முழுதும் சொட்டு வாங்குவதைக் காட்டிலும் இதற்குச் செலவும் குறைவு. பணமும் கருணையும் ஒரே பக்கத்தில் நிற்கும் அபூர்வ சந்தர்ப்பம் இது.

கண்புரையிலோ அவை எதிரெதிரே நிற்கின்றன. அதற்கு முன்னால் ஒரு மயக்கத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஏழெட்டு வயதைக் கடந்த நாயின் பாவை நீலச் சாம்பல் பூத்துத் தெரிவதெல்லாம் புரை அன்று. வில்லை முதிர்ந்து இறுகுவதால் உண்டாகும் அந்த மங்கல் பார்வையை அதிகம் கெடுப்பதில்லை, சிகிச்சையும் வேண்டுவதில்லை. மெய்யான புரை பால்போல் வெளுக்கும். நீரிழிவு கண்ட நாய்களில் பெரும்பாலானவற்றுக்கு ஓராண்டு ஒன்றரை ஆண்டுக்குள் அது வந்துவிடுகிறது. புரையைக் கரைக்கும் என்று விற்கப்படும் சொட்டுகள் பர்ஸைத்தான் கரைக்கின்றன, அறுவையே வழி. நியூயார்க்கில் சார்லஸ் கெல்மன் 1967-இல் மனிதருக்காகத் தொடங்கிய, ஒலி அதிர்வால் புரையை நொறுக்கி உறிஞ்சும் முறையே நாய்க்கும் கையாளப்படுகிறது.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை ஏழைகளுக்கு இலவசமாகவே புரை நீக்குகிறது. 1992-இல் தோன்றிய அதன் துணை நிறுவனமாகிய ஆரோலேப், இறக்குமதியில் நூறு டாலரும் அதற்கு மேலும் விற்ற செயற்கை வில்லையைப் பத்து டாலர் அளவுக்கு இறக்கிக் காட்டியது. மனிதனுக்கு இவ்வளவு மலிந்த காரியம் நாய்க்கு மட்டும் ஏன் மலியவில்லை? பேராசை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவது நியாயமாகாது. அரவிந்தின் மலிவு எண்ணிக்கையால் வந்த மலிவு. வரிசையாக நோயாளிகள் வந்து, கண்ணை மட்டும் மரக்கச் செய்துகொண்டு, அசையாமல் படுத்து எழுந்து போகிறார்கள். நாய்க்கோ முழு மயக்கம் கொடுக்கவேண்டும். அதற்கு முன் இரத்தத்தையும் இருதயத்தையும் சோதிக்கவேண்டும். மனிதனுக்கு வைக்கும் வில்லை ஏறக்குறைய 20 டயாப்டர் சக்தியுடையது. நாய்க்கு வேண்டியது 41 ஆதலால் அந்த வில்லை இதற்குப் பொருந்தாது. இவற்றுக்கு மேல், புரைக்குப் பின்னால் விழித்திரை உயிரோடிருக்கிறதா என்று மின்சோதனையும் ஸ்கேனும் செய்யவேண்டும். இந்தச் சோதனையை வீண் செலவென்று விட்டுவிட்டு அறுவைக்குப் போவது, திரை இல்லாத கொட்டகையில் படம் ஓட்டுவதற்கு ஒப்பானது. நாய் வயதில் இளையதாய், விழித்திரை நலமாய், வீட்டில் வேளை தவறாமல் வாரக்கணக்கில் சொட்டு விட ஓர் ஆளும் இருந்தால், முடிந்தவர்கள் செய்துகொள்ளட்டும். இயலாதவர்கள் நகையை அடகுவைத்துச் செய்யவேண்டியதில்லை என்பது என் தீர்ப்பு. ஆனால் முற்றிய புரை உள்ளே கசிந்து கண்ணில் அழற்சியை உண்டாக்கும். அதை அடக்கும் மருந்தும், அவ்வப்போது அழுத்தம் பார்ப்பதும் கடமையின் பாற்பட்டவை.

விழித்திரை தானே தேய்ந்துபோகும் பரம்பரை நோய் மாலைக்கண்ணாகத் தொடங்கி, வலியில்லாமல் முழுக் குருட்டில் முடியும். மருந்தில்லை, ஆகையால் செலவுமில்லை. ஆயினும் ப்ரியார்ட் என்ற பிரெஞ்சு இன நாய்களின் கதையைச் சொல்லாமல் தாண்ட மனம் வரவில்லை. ஆர்பிஇ65 என்ற மரபணுவின் பழுதால் பிறவியிலேயே பார்வை குன்றிய அந்நாய்களின் விழித்திரைக்கடியில் பழுதற்ற மரபணுவைச் செலுத்திப் பார்வை வரவழைத்ததை அமெரிக்க விஞ்ஞானிகள் 2001-இல் வெளியிட்டார்கள். அதே வழியில் மனிதருக்கு உண்டான மருந்து 2017 டிசம்பரில் அங்கே அனுமதி பெற்றபோது, இரு கண்ணுக்குமாக அதற்கு வைத்த விலை 8,50,000 டாலர்.

நம் பக்கத்தில் மறக்கக்கூடாதது உண்ணிக் காய்ச்சல். அல்ஜீரியாவில் 1935-இல் கண்டறியப்பட்ட இந்த எர்லிக்கியா நோய், இந்தியாவில் முதன்முதலாகப் பதிவானது 1944-இல் சென்னை மாகாணத்தில்தான். கண்ணுள் இரத்தம் கசிந்தோ அழற்சி கண்டோ நாய் திடீரென்று குருடாவதும் உண்டு. வீட்டார் கண்ணுக்குச் சொட்டு விட்டுக்கொண்டிருப்பார்கள், நோயோ இரத்தத்தில் இருக்கும். இரத்தப் பரீக்ஷையும் டாக்ஸிசைக்ளின் மாத்திரையும் காலத்தில் கிடைத்தால் செலவு பெரிதல்ல. உண்ணியே ஏறாமல் பார்த்துக்கொண்டால் அதனினும் சிறிது.

பணத்துக்கு வழி என்ன? ஸ்வீடனில் 1924-இலேயே நாய்க்கு இன்ஷூரன்ஸ் வந்துவிட்டது. அமெரிக்காவில் 1982-இல்தான், தொலைக்காட்சியில் லாஸியாக நடித்த நாய்க்கு முதல் பாலிசி எழுதினார்கள். நம் நாட்டிலும் 2020 முதல் அறுவைச் செலவையும் ஏற்கும் பாலிசிகள் விற்கப்படுகின்றன. நோய் கண்டபிறகு எடுப்பது உதவாது. பரம்பரை நோய் சேருமா என்று படித்துப் பார்த்தே கையெழுத்திடவேண்டும். ஏழையின் பிராணிக்கு இலவச வைத்தியம் என்ற எண்ணத்தை 1917-இல் மரியா டிக்கின் லண்டனின் வறிய பகுதியான வொயிட்சாப்பலில் தொடங்கிவைத்தார். நமக்கு அந்த ஸ்தானத்தில் நிற்பவை கால்நடை மருத்துவக் கல்லூரிகள். 1903-இல் சைதாப்பேட்டையில் பிறந்து வேப்பேரிக்குக் குடிபெயர்ந்த சென்னைக் கல்லூரியும், நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலிக் கல்லூரிகளும் மாணவர் பயிலும் இடங்களாதலால் அவற்றில் கட்டணம் தனியாரைவிட மிகக் குறைவு. கூட்டம் உண்டு, காத்திருப்பு உண்டு. ஒருநாள் வேலையை விட்டுத்தான் போகவேண்டும்.

எங்கே போனாலும், "என்னால் இவ்வளவுதான் முடியும்" என்பதை முதல் நாளே மருத்துவரிடம் கூசாமல் சொல்லிவிடவேண்டும். சொல்லாமல் மறைத்து, பாதி வைத்தியத்தில் நின்றுபோவதுதான் நாய்க்கும் கேடு, பணத்துக்கும் கேடு. சில்லறைச் சிக்கனம் ஒன்றும் உண்டு: கண் ஒரு துளிக்கு மேல் ஏற்காது, இரண்டு மூன்று துளி விடுவது கன்னத்துக்குச் செய்யும் வைத்தியம். இரண்டு மருந்துகள் இருந்தால் நடுவே ஐந்து நிமிஷம் விடவேண்டும். இல்லாவிட்டால் பின்னது முன்னதைக் கழுவிவிடும்.

பார்வை போய்விட்டால் அதற்குப் பிறகு வேண்டியது பணமன்று, ஒழுங்கு. மேசை நாற்காலிகளை இடம் மாற்றாதிருப்பது, தண்ணீர்ப் பாத்திரம் வைத்த இடத்திலேயே இருப்பது, மாடிப்படிக்குத் தடுப்பு, படி தொடங்கும் இடம் காலுக்குத் தெரிய ஒரு சாக்கு, தூங்கும்போது தொடுவதற்கு முன் பெயர் சொல்லிக் கூப்பிடுவது, இவ்வளவுதான். சில வாரங்களில் வீட்டின் படம் அதன் மூக்கில் பதிந்துவிடும்.

இவ்வளவும் செய்ய மனமில்லாதவர்கள் ஊர்க்கோடியில் கொண்டுபோய் விட்டுவிடுகிறார்கள். ருக்மிணி தேவி அருண்டேலின் முயற்சியால் வந்த 1960-ஆம் ஆண்டு மிருகவதைத் தடைச் சட்டத்தின்படி அது குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய். மேலே சொன்ன சொட்டு மருந்துகளில் பலவற்றுக்கு ஒரு சீசாவின் விலையே அதைவிட அதிகம்.

நல்ல உள்ளங்களையும் கல்லூரி மருத்துவமனைகளையும் நம்பி நாயின் கண் வைத்தியத்தை விட்டுவிட முடியாது. மேலே சொன்ன நோய்களில் சில, முதல் இரண்டு மூன்று நாளில் சரியான பெயர் சூட்டப்பட்டிருந்தால் அவ்வளவு செலவுக்குப் போயிராதவை. கருவிழிப் புண், உலர்கண், கண்ணழுத்த நோய் ஆகியவற்றுக்குப் பெயர் சூட்டுவதற்கு வேண்டியவை சாயத் தாள், ஷிர்மர் தாள், கண்ணழுத்தம் பார்க்கும் கருவி ஆகிய மூன்றே. முதலிரண்டும் சட்டைப்பையில் அடங்குபவை. மாவட்டந்தோறும் உள்ள கால்நடை மருத்துவமனைகளில் இம்மூன்றும் எந்நாளும் தயாராக இருக்கும்படி அரசாங்கத்தின் கால்நடைப் பராமரிப்புத் துறை ஏற்பாடு செய்யவேண்டும். நாய்க்கா என்று அங்கேயும் யாரேனும் கேட்பார்களானால், அதே சாயத் தாள் பசுவின் கண்ணுக்கும் ஆட்டின் கண்ணுக்கும் உதவும் என்று பதில் சொல்லலாம்.